வகுப்பில் ஒருத்தி, மீன்கடையில் ஒருத்தி

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதுகூடச் சுலபம். முகத்தை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. மார்க்கர் பேனா பிடித்துப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உட்லண்ட்ஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த புதிதில் என் வேலை உறுதியாகவில்லை. துறைத்தலைவர் கரீம் சார் ஒருநாள் என் வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குப் பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் வீடு.

இறுகிய முகம்

பக்கத்து மேசை ரோஸ்லின் டீச்சர் முதல் நாளே காதில் ஓதிவிட்டார்: பள்ளி ஆண்டின் பாதியில் வரும் ஜூன் விடுமுறை வரை சிரிக்கக் கூடாது, சிரித்தால் பிள்ளைகள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நானோ சிரித்தால் அடுத்த அடுக்குமாடி புளோக் வரை கேட்கும் ரகம். வேலை முக்கியமாயிற்றே! சிரிப்பை வீட்டில் பூட்டிவிட்டு, "மாணவர்களே, அமைதி காக்கவும்" என்று செந்தமிழில் ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் பொறுமையாகக் கேட்ட யூசுப் கை தூக்கினான். "டீச்சர், வீட்டுலயும் நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரிதான் பேசுவீங்களா?"

தேக்காவில் மாட்டியது

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட். சாயம்போன டீ-சட்டை, ரப்பர் செருப்பு, உச்சியில் கொண்டை. மீன்கடை அண்ணனோடு பேரம் சூடுபிடித்திருந்தது. "அண்ணே, இந்த மீனு என்னைவிட டயர்டா இருக்கு லா! இதுக்குப் போயி இந்த விலையா?" என்று நான் கத்த, அவர் பதிலுக்குக் கத்த, சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். திரும்பினால் என் மாணவி நஸ்ரின், அம்மாவோடு. எனக்குச் சிரிப்பு பாதியில் செத்துப்போனது.

அவள் கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டாள். "டீச்சர், உங்களுக்குச் சிரிக்கத் தெரியும்னு கிளாஸ்ல சொல்லலாமா, கூடாதா?"

நிஜ முகப் பயிற்சி

பிறகு எங்களையெல்லாம் ஒரு பயிலரங்குக்கு அனுப்பினார்கள். உங்கள் உண்மையான சுயத்தை வேலைக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான் தலைப்பு. பயிற்சியாளர் அதைத் திரையைப் பார்த்து ஒப்பித்தார். மனம் திறந்து பேசுங்கள் என்றார். பேசினால் நேரமாகிறது என்றார். கரீம் சார் முன்வரிசையில் இருந்ததால் நான் என் சுயத்தை வாயே திறக்க விடவில்லை.

தேநீர் இடைவேளையில் ரோஸ்லின் டீச்சர் கறிபஃப்பைக் கடித்தபடி சொன்னார். "நீ நீயா வான்னு சொல்றாங்க, என்ன சட்டை போட்டு வரணும்னும் அவங்களே சொல்றாங்களே லா!"

அந்த நாள்

ஜூன் விடுமுறை முடிந்தும் என் பல் வெளியே வரவில்லை. கரீம் சார் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். அன்று வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி. இயல்பாகப் பேசினால்தான் மதிப்பெண். "கடைக்காரரிடம் உரையாடிக் காட்டுங்கள்" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

நஸ்ரின் எழுந்தாள். "டீச்சர், அன்னிக்கு மீன்கடையில பேசுனீங்களே, அது மாதிரி நீங்களே ஆரம்பிங்களேன்!" போகிற வேலை சிரித்துக்கொண்டே போகட்டும் என்று பென்சில் பெட்டியை மீனாக்கிக் கையில் எடுத்தேன். "அண்ணே, என்ன இது, கண்ணே தொறக்கல?" யூசுப் கடைக்காரனாகப் பாய்ந்து வந்தான். "அது தூங்குது லா அக்கா, விலையைக் கேட்டா முழிச்சுக்கும்!" அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் பேரத்தில் இறங்கிவிட்டது. என் சிரிப்பு எத்தனை புளோக் தாண்டியதோ தெரியாது.

மணி அடித்ததும் கரீம் சார் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இண்டர்வியூல நாங்க தேர்ந்தெடுத்தது இந்த ஆளைத்தான். ஆறு மாசமா யாரை அனுப்பி வச்சிருந்தீங்க?"

வேலை உறுதியாகி வகுப்பில் நான் நானாகவே இருக்கிறேன்; ஆனால் ஞாயிறுதோறும் என் பேரத்தை வேடிக்கை பார்க்கப் பாதி வகுப்பு தேக்காவுக்கு வந்துவிடுவதால், மீன்கடையில்தான் இப்போது செந்தமிழ் பேசிச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.