கால் ஊன்றும் உயரம்

என் உயரத்தைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவளைவிட நான் இரண்டு விரற்கடை குட்டை. கல்யாண போட்டோவில் என்னை ஒரு பலகைமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள்; வேட்டி மறைத்தும் மறைக்காமலும் பலகையின் ஓரம் தெரியும். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்ற பழமொழியை எந்தப் பேச்சிலும் பொருத்தமாகச் செருக அவளுக்குத் தெரியும். அதையாவது பொறுத்துக்கொள்வேன். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களைத்தான் எனக்கு அறவே பிடிக்காது.

இந்த உயரத்தோடு பழைய மோட்டார் சைக்கிள் ஆசையும் கூடவே பிறந்து தொலைத்தது. கோவில்பத்திலிருந்து காரைக்கால் ஆபீசுக்கு இத்தனை வருஷமும் ஸ்கூட்டரில்தான் போகிறேன். பெரிய வண்டிகளில் ஏறிப் பார்க்காமல் இல்லை. ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. நிற்கும்போதுதான் ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தடவும், வண்டி சாயும், பக்கத்தில் நிற்பவர் “சார், பாத்து” என்று கை நீட்டுவார். அந்த நீட்டிய கை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் நான் பெரிய வண்டியே வாங்கவில்லை. யார் கேட்டாலும் மைலேஜ் கிடைக்காது என்று சொல்லிவைத்திருந்தேன்.

போன வருஷம் ஆபீஸ் வேலையாகத் திருமலைராயன்பட்டினம் போனபோது ஒரு வீட்டுக் கொல்லையில் பீர்க்கங்கொடியைப் பார்த்தேன். கொடி படர்ந்திருந்தது ஒரு மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டத்தின்மேல், அதாவது சேஸ்மேல். எஞ்சினும் சக்கரங்களும் சாக்கில் கட்டிக் கொட்டகையில் கிடந்தன. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும்; கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் துபாயில் இருக்கிறார்கள். விலைக்குத் தருவீர்களா என்று கேட்டதற்கு, காய் ஓயட்டும், பிறகு தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். வாரா வாரம் போய்ப் பீர்க்கங்காயின் நலம் விசாரித்தேன். கடைசிக் காய் பறித்த மறுநாளே குட்டியானை லோடு வண்டியோடு போய் நின்றேன்.

சேஸை அரசலாற்றங்கரையில் ஒரு வெல்டிங் பட்டறையில் இறக்கினேன். பட்டறைக்காரர் விசைப்படகுகளுக்கு வேலை செய்கிறவர், கெட்டிக்காரர், ஆனால் அடுத்தவன் வேலையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஹேண்டில்பார் உட்காரும் கழுத்துக் குழாயில் அடித்திருந்த எண்ணையும் எஞ்சின் உட்காரும் இடத்தையும் வைத்து, எந்த மாடல் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பட்டறையிலேயே அதே மாடல் வண்டி ஒன்று ரிப்பேருக்கு நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நூல் பிடித்துப் பார்த்தோம். எங்களுடைய சேஸில் சீட் உட்காரும் குழாய்கள் ஒரு கை அகலம் தாழ்ந்திருந்தன.

விபத்தில் நசுங்கியிருக்கும், எவனோ ஒப்பேற்றி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. உப்புத்தாள் வாங்கிக் குழாயைத் தேய்த்தேன். துருவுக்கும் பெயிண்டுக்கும் அடியில் மஞ்சளாக ஒரு பித்தளைக் கோடு வந்தது. மறுபக்கக் குழாயைத் தேய்த்தேன். அங்கேயும் அதே இடத்தில் அதே கோடு. ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்று வந்த சத்தம் அந்தக் கோட்டருகே மட்டும் மொத்தென்று அமுங்கியது. உள்ளே இன்னொரு குழாய்த்துண்டைச் செருகி, வெளியே பித்தளையால் ஒட்டியிருக்கிறார்கள். நசுங்கிய வண்டியை யாரும் இப்படி அளந்து இரண்டு பக்கமும் ஒட்டமாட்டார்கள். வேண்டுமென்றே, நிதானமாக, குட்டையாக்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் எனக்கு முன்னாலேயே ஒரு குள்ளன் இருந்திருக்கிறான்! எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த முகம் தெரியாதவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் பட்டறைக்காரர் மண்ணள்ளிப் போட்டார். கழுத்துக்குக் கீழே இருக்கிற விரிசலை அடைத்து, அடிக்குழாயில் துரு தின்ற இடத்தை மாற்றும்போதே, பின்பக்கத்தையும் வெட்டிக் கம்பெனி உயரத்துக்கே ஏற்றிவிடுவதாகச் சொன்னார். ஒரிஜினல் என்றால்தான் பழைய வண்டிக்கு மதிப்பாம். சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். வேண்டாம், எனக்கு இதுதான் சௌகரியம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! “ஆமாமா, ஒரிஜினல்தான் முக்கியம்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, “ஏறிடுவீங்க, சரி. எறங்குறதுக்கு ஏணி எடுத்துக்கிட்டு நானும் பின்னாடியே வரணுமா?” என்றாள். கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது.

அடுத்த சனிக்கிழமை, பழைய சீட் கிடைக்குமா என்று கேட்க அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். சீட் இருந்தது. டீ கொடுத்தார். பேச்சுவாக்கில், உங்கள் வீட்டுக்காரர் உயரம் கம்மியா என்று கேட்டேன். என் இனத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிக் கேட்கும் ஆசைதான்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் கணவர் உள்ளே வந்த நாளே கிடையாதாம்.

“வண்டிய எனக்காகத்தான் வெட்டுனாங்க தம்பி. கல்யாணம் ஆன புதுசு. ஒசரமா இருந்துச்சு, எனக்கு ஏற வராது. தெருவுல நின்னு மச்சான் தோளப் புடிச்சுக்கிட்டு எக்கணும். பாக்குறவங்க சிரிப்பாங்க. இனிமே ஏறவே மாட்டேன்னுட்டேன்.”

மச்சான் என்று அவர் சொன்னது கணவரைத்தான். அந்த மனிதர் வண்டியை நாகப்பட்டினத்தில் படகு வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போய், சீட்டைத் தாழ்த்திக் கொண்டுவந்து நிறுத்தினாராம். அதற்கப்புறம் இந்த அம்மா மேலே போர்த்திய துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நெட்டை மனிதருக்குத்தான் முழங்கால் இரண்டும் ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது.

“தவளை கணக்கா ஒக்காந்து ஓட்டுவாங்க. தெருவே அவங்களப் பாத்துச் சிரிச்சிச்சு. அவங்க அதக் காதுலயே போட்டுக்கல.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பின்பக்கத்தை அன்றைக்குத்தான் வெட்டுவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். வெளியே வந்து போன் போட்டேன், எடுக்கவில்லை. கிரைண்டர் ஓடினால் அவருக்குப் போன் கேட்காது. ஸ்கூட்டரை முறுக்கினேன். சனிக்கிழமை வேறு, திருநள்ளாற்றுக்குப் போகும் வேன்கள் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. சனீஸ்வரா, இன்றைக்கு ஒருநாள் உன் பக்தர்களை ஒதுங்கச் சொல் என்று வேண்டிக்கொண்டே சந்து பொந்தில் புகுந்தேன். என்ன பேசுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இது ஒரு தம்பதியின் ஞாபகம், அழிக்கக்கூடாது என்று கௌரவமாக ஆரம்பிக்க வேண்டும்.

பட்டறையில் குழாய்மேல் சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் அவர் சுவிட்சை அணைத்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

“வெட்டாதீங்க. எனக்குக் கால் எட்டாதுங்க!”

சத்தம் அடங்கிய பட்டறையில் அது நன்றாகவே கேட்டது. வலை வண்டியோடு வந்திருந்தவர்களும் டீ கொண்டுவந்தவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடுப்பிலிருந்து பாதம் வரை என் காலை ஒரு குழாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆமா சார், எட்டாது. இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

அவ்வளவுதான். சிரித்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

வேலை நிதானமாக நடந்தது. விரிசல் மேலும் ஓடாமல் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு அடைத்தார். துரு தின்ற அடிக்குழாயை வெட்டி, பழைய ஒட்டைப் போலவே உள்ளே ஒரு துண்டு செருகி, பித்தளையில் ஒட்டினார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நூல் பிடித்து நேர் பார்த்தபோது, பின்பக்க ஒட்டைத் தடவி, வெட்டினவன் நல்ல வேலைக்காரன்தான் என்று முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதேயில்லை.

கறுப்புப் பெயிண்ட் காய்ந்து, எஞ்சினும் ஏறி, வண்டி ஓடத் தொடங்கிய வாரம் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருமலைராயன்பட்டினம் போனேன். வழியில் நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் நிறுத்தினேன், நிறுத்த வேண்டாத இடத்திலும் நிறுத்தினேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். அந்தச் சுகத்தை நெட்டையர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்த அம்மா வாசலுக்கு வந்தார். வண்டியைச் சுற்றிவந்து பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். என் மனைவி இறங்கி நின்று, உட்கார்ந்து பாருங்கம்மா என்றாள். நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். நீங்க இருங்க, வண்டி ஆடும் என்றார். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, என் தோளையும் பிடிக்காமல், என் மனைவி நீட்டிய கையையும் பிடிக்காமல், ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“ஒசரம் மாறல” என்றார்.

ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டேன்.

“வேணாம் தம்பி. செத்த நேரம் இப்படியே இருக்கேன்.”

நான் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டி அசையாமல் இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டேன்.