வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

முதலில் நினைவுக்கு வருவது அந்த நாற்றம்தான். கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகப் பார்த்துக்கொண்டே வந்து, பெரிய வாய்க்காலைத் தொட்டதும் குப்பென்று அடிக்குமே... அதேதான்.

அப்போதெல்லாம் அந்த இடத்தில் என் டூர் முடிந்துவிடும்.

நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதலியார்பேட்டைக்காரி, மில் தொழிலாளியின் மகள். மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து, ஒரு டூர் ஆபீசில் கைடாகச் சேர்ந்த புதிது. வாய்க்காலைத் தாண்டக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்பார். நான் இருக்கிறேனே சார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் பிரெஞ்சு ஆளுகையில் உள்ள ரெயூனியன் தீவிலிருந்து ஒரு மதாம் தனியாக வந்தார். அறுபது வயதிருக்கும். முகம் அச்சு அசல் நம்ம ஊர் முகம், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாக இங்கிருந்துதான் கப்பல் ஏறினாராம். எந்த ஊர்க்காரர் என்பது யாருக்கும் தெரியவில்லை.

கவர்னர் மாளிகை, துரைமார் வீடு என்று நான் ஒப்பித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வாய்க்கால் வந்ததும் பிரெஞ்சில் ஒரே கேள்வி. ஏற்றி அனுப்பியவர்களின் வீட்டைப் பார்த்துவிட்டேன், ஏறிப் போனவர்களின் வீடு எங்கே?

கைடாகி அதைத் தேடியதே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஆனது ஆகட்டும் என்று ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போனேன். அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மதாம் யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து, காம்பை விரலிடுக்கில் வைத்து ஒரே இழுப்பில் உருவினார். அம்மா எப்படிச் செய்வாரோ அப்படியே. இரண்டு கொத்து உருவியதும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழாதீங்கம்மா... சாப்ட்டுட்டுதான் போவணும்" என்றார் அம்மா.

மறுநாள் விஷயம் தெரிந்து மேனேஜர் கூப்பிட்டார். இனிமேல் தாண்ட மாட்டேன் என்று சொன்னால் வேலை உண்டு என்றார். மில் மூடி அப்பா வீட்டில் இருந்த நேரம், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"தாண்டத்தான் சார் செய்வேன். எங்க வூடு அங்கதான இருக்குது."

அன்றோடு வேலை போனது.

இப்போது மஞ்சள் சுவருக்கு முன்னால் போட்டோ எடுக்கவே க்யூ நிற்கிறது. வாய்க்கால் இன்னும் நாறத்தான் செய்கிறது... நான் சொந்தமாக டூர் நடத்துகிறேன். எங்கள் வாசலில், மதாமின் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குவேன். முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். தேடுவதை விடுவதாக இல்லை.

துரைமார் வீடுகளைப் பார்க்க, வாய்க்காலைக் கடைசியில்தான் தாண்டுகிறோம்.