சிவப்புச் சேறு மட்டும்தான் வேண்டுமாம்

இன்று காலை கல்மண்டபம் வாட்டர் வாஷ் கடையில் என் ஸ்கூட்டரோடு காத்திருந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் தலையில் கைவைத்து நின்றிருந்தார். பக்கத்தில் பளபளவென்று அவருடைய புது ஜீப்.

"உள்ள மட்டும்தானே க்ளீன் பண்ணச் சொன்னேன்? வெளிய இருந்த சேத்தை யாரு கழுவச் சொன்னது?"

கடைக்காரர் முழித்தார். "சேறா கீதேன்னு நல்லா அடிச்சி வுட்டேன் சார். அதுக்குத்தானே கடை போட்டுகினு கீறேன்?"

சார் வார இறுதியில் காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டி, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்திருக்கிறாராம். அந்தச் சேறுதான் சாட்சி. நாளை ஆபீஸ் பார்க்கிங்கில் நாலு பேர் பார்க்க வேண்டாமா?

"ரொம்பக் கஷ்டமான பாதையா சார்?" என்று கேட்டேன்.

"ஈஸியான ரூட்டுதான். எதிர்ல டவுன் பஸ்கூட வந்துச்சு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "பேஜாராவாத சார். நெட்டுக்குப்பம் பக்கம் ஒரு ரவுண்டு வுட்டுட்டு வா. சேறு தானா அப்பிக்கும்."

சார் முகம் சுளித்தார். "ஐயோ, அந்தச் சேறா? பவர் பிளான்ட் சாம்பல் கலந்து கறுப்பா, கலீஜா இருக்கும். பெயின்ட்டே போயிடும். காட்டுச் சேறு செவப்புங்க."

என் அக்கா நெட்டுக்குப்பத்தில்தான் குடித்தனம் செய்கிறாள். அந்தக் கறுப்புச் சேற்றை மிதித்துத்தான் தினமும் வேலைக்குப் போகிறாள். அதை ஒருநாளும் போட்டோ எடுத்துப் போட்டதில்லை. வீட்டு வாசலிலேயே காலைக் கழுவிவிடுகிறாள், பாவம், விவரம் தெரியாதவள்.

எங்கள் ஊர்ச் சேற்றுக்கு ஒரு ஜீப்பை அழுக்காக்கும் தகுதிகூடக் கிடையாது மக்களே. ராயபுரம் பக்கம் சிவப்புச் சேறு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். சார் இன்னும் கடையில்தான் நிற்கிறார்.