கேட்டு வெட்டிய தலை

அந்தத் தெருவில் பாதித் தலைகள் சலூன்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நாற்காலிக் கைகளின் மேல் பலகையைப் போட்டு, பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, "குனி!" என்பார். அவ்வளவுதான், வேலை முடியும்வரை தலை நிமிராது. "ஒட்ட வெட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பாமார் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அழுதால் நறுக்கென்று ஒரு குட்டு. குட்டு வாங்கியவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

இப்போது பிள்ளைகளே போனில் படத்தைக் காட்டி "இப்படி" என்கிறார்கள். அப்பாமார் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்கள். "காலம் தலைகீழாப் போச்சு" என்று சலூன்காரர் முணுமுணுப்பார்.

தன் மகனுக்கும் அவர் அந்த வைத்தியம்தான் பார்த்தார். வீட்டுப் பிள்ளை என்பதால் குட்டு இரண்டு கூடுதல். மீசை அரும்பியதும் மகன் வேறு சலூனுக்குப் போய்விட்டான். தெருவே சிரித்தது. அவருக்கு அது நெஞ்சில் தைத்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்து வயதுப் பேத்தியை மகன் முதல் முறையாகக் கடைக்குக் கூட்டி வந்தான். வாசலிலேயே சொல்லிவிட்டான்: "அப்பா, எதுன்னாலும் அவகிட்ட கேட்டுட்டுச் செய்ங்க. அழவச்சீங்கன்னா அப்புறம் கூட்டிட்டு வர மாட்டேன்."

"அடேங்கப்பா, மகாராணி உத்தரவா!" என்று சிரித்துவைத்தார். இவளும் வராமல் போனால் அவரால் தாங்க முடியாது.

கேட்டுக் கேட்டுத்தான் வெட்டினார்.

"காது தெரியணுமா?"

"ஒரு காது மட்டும்."

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிடரிக்கு வந்தபோது அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பழகிய கை சும்மா இருக்குமா? உச்சந்தலையில் உட்கார்ந்து அழுத்தியது. "குனி!"

பேத்தி குனியவில்லை. "எதுக்கு?" என்று கேட்டாள்.

கண்ணாடியில் பின்பக்கத்து பெஞ்சு தெரிந்தது. இதுவரை சுவரில் சாய்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்த மகன், தோளைக் குறுக்கித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது ஆள்.

சலூன்காரர் கையை எடுத்துவிட்டார். "பின்னாடி முடி சரியாத் தெரியலம்மா. கொஞ்சம் குனியிறியா?"

"அப்படிச் சொல்லுங்க" என்று அவள் குனிந்தாள்.

வேலை முடிந்ததும் பேத்தியை இறக்கிவிட்டு, பலகையை எடுத்து ஓரமாகச் சாத்தினார். நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு மகனைப் பார்த்தார்.

"உனக்கு எப்படிப்பா வெட்டணும்?"

வாழ்நாளில் அவனிடம் அவர் கேட்டிராத கேள்வி. மகன் நாற்காலியைப் பார்த்தான். அவன் கை பிடரியைத் தடவிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேணாம்ப்பா" என்றான். "அவளுக்கு முடி வளரட்டும். அடுத்த தடவை ரெண்டு பேரும் வரோம்."