கவிஞரின் நாட்குறிப்பை உரக்கப் படித்தவள்

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது இருவர் வேலை. மனைவி கையெழுத்துப் பிரதியைக் கமா, புல்ஸ்டாப் உட்பட உரக்கப் படிப்பாள். எதிரில் உட்கார்ந்து கணவன் அச்சுத்தாளைச் சரிபார்ப்பான். ஒரு புள்ளியும் தப்பாது என்பதால் அவனுக்குக் கழுகு என்று பெயர். தங்கமான மனிதன் என்றும் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தியதில்லை.

செத்துப்போன கவிஞரின் நாட்குறிப்பு புத்தகமாக வரப்போகிறது என்றதும் அவளுக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. கல்யாணமான மூன்றாம் வருடம், ஒரு மழைநாளில், அடி தாங்காமல் அந்த மனிதர் வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். கணவனுக்கு இன்றுவரை தெரியாது. எழுதித் தொலைத்திருப்பாரோ? ஊர் வம்பையெல்லாம் எழுதிவைத்தவர் இவளை மட்டும் விட்டுவைப்பாரா?

நாள் நாளாகப் படித்துக்கொண்டே வந்தவள் அந்த மாதத்தை எட்டினாள். தாளைத் திருப்பினால், இருந்தது. பயத்தில் புத்தி மழுங்கி, அந்தப் பத்தியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த நாளுக்குத் தாவினாள். அதே பத்தி அச்சாகி அவன் கையில் இருக்கிறது என்பது, இத்தனை வருடம் இதே வேலை பார்த்தவளுக்கு, அப்போது பார்த்து மறந்துபோயிற்று.

அவன் பேனா நின்றது. ஒருமுறைக்கு இருமுறை படித்தான். பிறகு அந்தப் பத்தியைக் குறுக்காக அடித்தான்.

"மேல படி," என்றான் மெதுவாக. "இதை வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் அவன் எப்படிப் பேசுவான் என்று அவள் உடம்புக்குத் தெரியும். தாளைப் பின்னால் திருப்பி, அச்சகம் முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.

"மெய்ப்புப் பார்ப்பவன் மனைவி வந்தாள் புல்ஸ்டாப். வீட்டுக்குப் போனால் கொன்றுவிடுவான் என்று அழுதாள் புல்ஸ்டாப். பொய்யென்று தோன்றவில்லை கமா, நமக்கேன் வம்பு என்று திருப்பி அனுப்பிவிட்டேன் புல்ஸ்டாப்."

அவன் பேனாவை மூடினான்.

"கிளம்பு."

அவள் எழுந்திருக்கவில்லை. தட்டச்சு செய்யும் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பத்தியை அச்சகத்தில் முதலில் படித்தவள் அவள்தான்.

"அக்கா, இன்னிக்கு உங்ககூட வரட்டுமா?" கேட்கும்போதே, இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள் என்று பயந்தாள்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பையை எடு. இதை டைப் பண்ண நாள்லேருந்து நீ கேப்பேன்னுதான் பாத்துட்டிருக்கேன்."