முடங்கிய கணக்கை மீட்க நடந்தது

சம்பளத்துக்குப் பணம் எடுக்க வெள்ளிக்கிழமை காலையில் வங்கிக்குப் போயிருந்தேன். காசோலையை வாங்கிய பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

"மேனேஜரைப் பாத்துருங்கக்கா."

மேனேஜர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையே எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஜி.எஸ்.டி. ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்திருக்குதுங்கம்மா. உங்க கணக்கை முடக்கச் சொல்லியிருக்காங்க. பணம் உள்ள வருமுங்க, வெளிய போகாது."

பல்லடம் பக்கம் அருள்புரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. தகர ஷெட்டில் குழந்தைகளுக்கான சட்டை தைக்கிறோம். துணி வாங்குவதும் தன் டெம்போவில் லோடு ஏற்றுவதும் என் வீட்டுக்காரர் வேலை. ஆட்கள், தையல், வங்கி எல்லாம் நான். பதிவும் என் பெயரில்தான் இருக்கிறது.

அங்கிருந்து நேராக வரி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கோபக்காரர் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். எங்களுக்குத் துணி விற்ற ஒரு வியாபாரி, பில்லில் எங்களிடம் வாங்கிய வரியை அரசாங்கத்துக்குக் கட்டவே இல்லை. நாங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொண்டது செல்லாது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் நாங்களே கட்ட வேண்டும் என்று எப்போதோ உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

"நோட்டீஸ் அனுப்பினோமே, நீங்க பதிலே போடலியே?"

"எங்கீங்க அனுப்பினீங்க?"

"போர்ட்டல்ல."

அந்த வரி இணையதளத்தை நான் திறந்ததே இல்லை. மாதாமாதம் கணக்கு தாக்கல் செய்யும் ஆடிட்டர்தான் பார்ப்பார். அவருக்கு போன் போட்டேன். "நோட்டீஸ் வேற பக்கத்துல வருமுங்கக்கா, அதை நான் பாக்கலீங்க" என்றார். திட்ட நினைத்தேன். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மெஷின்களை நிறுத்திவிட்டு ஆட்களிடம் நடந்ததைச் சொன்னேன். தைத்த சட்டைகளைச் செக்கிங் பார்க்கிற அக்கா தேனிப் பக்கத்துக்காரர், எங்களிடம் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். அவர்தான் முதலில் பேசினார்.

"அரிசி வாங்க மட்டும் குடும்மா. மிச்சத்தப் பொறவு பாத்துக்கிடலாம். நீ மட்டும் எங்க போயி நிப்ப?"

சங்கிலியை அடகு வைத்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். எங்களிடம் தைத்த ஒடிசாப் பையன்களுக்கு அது போதவில்லை. வாராவாரம் ஊருக்கு அனுப்பினால்தான் அங்கே அடுப்பு எரியும். திங்கட்கிழமை முதலிபாளையத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நான் தடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வங்கிப் பக்கமே வரவில்லை. டீக்கடையில் யாரையோ பிடித்திருந்தார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் அந்த ஆள் எல்லாவற்றையும் முடித்துத் தருவானாம்.

"குடுத்துத் தொலச்சா முடிஞ்சுது புள்ள."

"முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுப்பானுங்களா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

பக்கத்து ஷெட்டில் அயர்னிங் நடத்தும் பெண்தான் கோயம்புத்தூரில் வரி வழக்கு மட்டும் பார்க்கிற ஒரு வக்கீலம்மாவைச் சொன்னாள். மாடியில் சின்ன ஆபீஸ். அவர் உத்தரவை முதலிலிருந்து கடைசி வரை படித்து முடித்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். துணி நிஜமாகவே வந்ததா, எந்த வண்டியில் வந்தது, பணம் வங்கி வழியாகப் போனதா?

"எல்லாத்துக்கும் காகிதம் இருக்குதுங்க."

"நல்லதுங்கம்மா. ஆனா அப்பீல் போற கெடு தாண்டிருச்சு. இனி ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும். உங்களைக் கேக்காமயே உத்தரவு போட்டுட்டாங்க, மறுபடி விசாரிங்கன்னு கேப்போம். கோர்ட்டும் சும்மா விடாதுங்க. வரியில ஒரு பங்கை முன்னாடியே கட்டச் சொல்லும்."

"பண்ணாத தப்புக்குங்களா?"

"தப்பா இல்லையான்னு இன்னும் யாரும் பாக்கவே இல்லீங்கம்மா. பாக்க வைக்கத்தான் போறோம்."

ஜெயித்துவிடலாம் என்று அவர் சொல்லவே இல்லை. அதனாலேயே அவரை நம்பினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பல்லடம் பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டேன்.

ஹைகோர்ட்டுக்காகச் சென்னைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை என்றார் வக்கீலம்மா. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் போனேன். கோர்ட்டில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். வக்கீலம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், அரசு வக்கீல் ஏதோ சொன்னார், நீதிபதி தலையசைத்துச் சில வரிகள் சொன்னார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதானா என்று இருந்தது. வராந்தாவுக்கு வந்து வக்கீலம்மா விளக்கினார். பழைய உத்தரவு ரத்து. ஒரு பங்கு வரியைக் கட்டினால் கணக்கைத் திறக்க வேண்டும். அதன் பிறகு புது விசாரணை.

"இன்னைக்கே தொறந்துருவாங்களாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "தீர்ப்பு நகல் வரணும், நீங்க கட்டணும், ஆபீஸ்காரங்க பேங்குக்கு எழுதணும். இனிமேதாங்கம்மா அலைச்சல்."

அப்படியேதான் ஆனது. கட்ட வேண்டிய பங்குக்கு என் வீட்டுக்காரர் தன் டெம்போவை விற்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டு வந்து பணத்தை மேசைமேல் வைத்தார். டீக்கடை ஆளைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

கட்டிய பிறகும் கணக்கு திறக்கவில்லை. கடிதம் அனுப்பிவிட்டோம் என்றது அலுவலகம், வரவில்லை என்றது வங்கி. வெயிலில் இரண்டுக்கும் நடுவே ஸ்கூட்டரில் அலைந்தேன். ஒரு நாள் மேனேஜர் அறையில் போய் உட்கார்ந்தேன்.

"இனி என்னால எந்திரிக்க முடியாதுங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றேன். மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே முடியவில்லை.

அவரே அலுவலகத்துக்கு போன் செய்தார். கடிதம் வேறு கிளையின் மெயிலுக்குப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து முடித்து வீட்டுக்கு வந்து படுத்தேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. சோறு வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில் சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

புது விசாரணையில் அதே அதிகாரி. வக்கீலம்மா வண்டி ரசீது, வங்கிக் கணக்குப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"துணி வந்தது உண்மைதானுங்க. நீங்க ஏமாத்தலை. ஆனா வரி எங்களுக்கு வரலையே" என்றார்.

அபராதத்தை நீக்கினார். வரியும் வட்டியும் அப்படியே நின்றன. இந்த முறை கெடு தாண்டுவதற்குள் அப்பீல் போட்டோம். அது நடந்துகொண்டிருக்கிறது. தேதி வந்தால் வக்கீலம்மா போன் செய்வார். நானும் வரணுமா என்று கேட்பேன். "வேண்டாமுங்கம்மா, நீங்க கம்பெனியப் பாருங்க" என்பார். வேறு வண்டியை வாடகைக்குப் பிடித்து லோடு அனுப்புகிறோம். ஒடிசாப் பையன்கள் உட்கார்ந்து தைத்த மெஷின்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.