சக்கரத்தாயியைக் கொடுத்த அரியமுத்து

என் மாமனாருக்குப் பங்காளி முறையில் தம்பி, அரியமுத்து. அவருக்கு வலது காது கேட்காது. அரியலூரை ஒட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பத்து வருஷம் பாறைக்குத் துளை போட்டதில் போன காது அது. யாராவது திட்டினால் தலையைச் சாய்த்து, நல்ல காதை அவர்கள் பக்கம் நீட்டி, கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொள்வார். "செவுட்டுக் காத காட்டிட்டு நின்னா ஆவாதா? இந்த மனுசனுக்கு அதுகூட தெரியல" என்று அவர் மனைவி ஜெகதாம்பாள் தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் எட்டு வீட்டுப் பங்காளிகளுக்கும் குலசாமி சக்கரத்தாயி. சிலை கிடையாது, கல்தான். முறம் அகலத்துக்கு, பாம்பு சுருண்டு படுத்த மாதிரி வரிவரியாகச் சுருண்ட கல். காட்டில் ஒரு ஊஞ்ச மரத்தடியில் கிடந்தாள். பிள்ளைகளுக்கு முதல் முடி அவள் முன்னால்தான் இறக்குவோம். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால் மஞ்சள் தடவி முதலில் வைப்பதும் அவளுக்குத்தான்.

எழுபத்தாறில் சுரங்கம் அந்தக் காட்டையும் எடுத்துக்கொண்டது. விடிந்தால் மரத்தைச் சாய்க்க இயந்திரம் வரும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சாமியை யார் வீட்டில் வைப்பது என்று எங்கள் கூடத்தில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். நான் மருமகளாக வந்து நாலு மாதம். காபி கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வாயைத் திறந்தவர் என் மாமனார் அய்யம்பெருமாள்தான்.

"எங்க வூட்ல மூணு பொம்பளைங்க. மாசத்துல பாதி நாள் தீட்டு. ஆயி தாங்குவாளா?"

அடுத்தவர் வீட்டில் கோழி வளர்க்கிறார்களாம், அசுத்தமாம். இன்னொருவர் வீடு ஒழுகுகிறதாம். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அரியமுத்துவின் வீடு ஒரே அறை. சமைப்பதும் படுப்பதும் அதற்குள்தான். அவரை யாரும் கேட்கவும் இல்லை. காபி தீர்ந்ததும் கலைந்துபோனார்கள்.

பெரம்பலூரில் இராமலிங்கம் என்று ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் இருந்தார். சுரங்கப் பக்கம் சைக்கிளில் வந்து விசித்திரமான கற்களாகப் பொறுக்கிக்கொண்டு போவார். வீட்டு முன்கட்டை ஒழித்து, 'வட்டார வரலாற்றுக் கூடம்' என்று தானே பலகை எழுதி மாட்டியிருந்தார். அன்று சுரங்கத்து வாசலில் அரியமுத்து அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து அவர்தான் சொன்னார். "எங்கிட்ட குடுங்க. கண்ணாடிப் பெட்டில வெச்சிப் பாத்துக்கறேன். எப்ப வேணாலும் வந்து கும்பிட்டுக்குங்க."

அரியமுத்து கல்லை ஜெகதாம்பாளின் பழைய சேலையில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டி, பெரம்பலூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார். நன்கொடைச் சீட்டில் கைநாட்டு வைத்தார். சேதி கேட்ட மாமனார், "நல்லதாப் போச்சு" என்று ஏப்பம் விட்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு வீட்டில் உழவு மாடு இரண்டும் அடுத்தடுத்துச் செத்தன. ஒரு வீட்டில் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. என் மாமியார் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். குறி கேட்கப் போன இடத்தில், தாய் வெளியூரில் தவிக்கிறாள் என்று வந்ததாம். எல்லாப் பழியும் ஒரே ஆள் தலையில் விழுந்தது. 'சாமியைத் தாரை வார்த்தவன்' என்று பெயர் வைத்தார்கள். அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அவர் அம்மா இறந்தபோது பங்காளி ஒருவரும் பாடை தூக்கவில்லை. சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வந்து தூக்கினார்கள்.

ஆடி மாதம் தவறாமல் அரியமுத்து பெரம்பலூருக்குத் தனியாகப் போய், கண்ணாடிப் பெட்டி மேல் பூ வைத்துவிட்டு வருவார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வழியில் பார்க்கிறவர்களிடம், "ஆயி நல்லாருக்கா. ஒரு கீறல் இல்ல" என்பார்.

எண்பத்து மூன்றில் அவர் ஒரே மகள் கண்ணகிக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை காசிநாதன், நல்ல பையன். நிச்சயமும் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா குருநாதனுக்கு விஷயம் எட்டியது. ஆள் அனுப்பினார்: "பங்காளிங்க வந்து பந்தக்கால் ஊணணும். ஒருத்தரும் வல்லன்னா, அந்தப் பந்தல்ல எம் மவன் ஒக்கார மாட்டான்."

அரியமுத்து எங்கள் வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாமனார் வெற்றிலையை மென்று முடிக்கும் வரைக்கும் எழச் சொல்லவில்லை.

"எட்டு வூட்டையும் கூட்டிட்டுப் போயி ஆயியக் காட்டு. மொதப் பத்திரிக்கைய அங்க வையி. கடாவுக்குத் தண்ணி தெளிப்போம். அது துளுக்குனா ஆயி ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். அவ ஏத்துக்கிட்டா நாங்களும் பந்தக்கால் ஊணுறோம்."

மெட்டடார் வேனில் இருபத்திரண்டு பேர் கிளம்பினோம். எனக்கு ஜன்னலோரம் இடம். மடியில் என் ஐந்து வயது மகள். வேனின் பின்கோடியில், சாமான்களோடு கடாவைப் பிடித்துக்கொண்டு அரியமுத்து குந்தியிருந்தார்.

"ரெண்டையும் ஒரே எடத்துல ஏத்தியிருக்கீங்க. எறங்கறப்ப ஆள் மாத்தி வெட்டிப்புடாதீங்கப்பா" என்றார் மாமனார். வேனே சிரித்தது. அரியமுத்து நல்ல காதைத் திருப்பி, "என்னாண்ணே?" என்றார். திருப்பிச் சொன்னார்கள். அவரும் சிரித்தார். அதற்குள் கடா கண்ணகியின் கையிலிருந்த பத்திரிகையின் ஓரத்தை மென்றுவிட்டது.

பெரம்பலூர் வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். அத்தனை பேர் ஒன்றாக அவர் கூடத்துக்கு அதுவரை வந்ததே இல்லையாம். நாங்கள் செருப்பைக் கழற்றினோம். "வேணாம்மா, இது கோயில் இல்ல" என்றார். பார்வையாளர் நோட்டில் எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். பிறகு பிரம்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஓட்டை விழுந்த தாழி, துருப்பிடித்த கத்தி, செல்லாத காசு. "இது ரஞ்சன்குடிக் கோட்டைல கெடச்ச பீரங்கிக் குண்டு."

"இத எந்த வூட்டுக்காரன் தள்ளிட்டு வந்து குடுத்தான்?" என்றார் மாமனார். மறுபடி சிரிப்பு.

மூலையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளைத் துணி மேல் சக்கரத்தாயி மல்லாந்து கிடந்தாள். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் 41 என்று பெயின்ட்டில் எண் போட்டிருந்தது. அட்டையைக் கண்ணகி படித்தாள்.

"பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நத்தை போன்ற உயிரினம். கல்லாக மாறியது. நன்கொடை, அரியமுத்து."

"நத்தையா?" என்றார் என் மாமியார். "தலமொறை தலமொறையா நத்தைக்கா பொங்க வெச்சோம்?"

"வாத்தியாருக்கு நத்தைங்க அண்ணி. நமக்கு ஆயி" என்றார் அரியமுத்து. அவர் யாருக்காவது பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மாமனார் கல்லையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஓரம் கடிபட்ட பத்திரிகையை அவள் மேல் வைத்தார். சூடம் காட்டினார். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஒருதரம், இரண்டுதரம். கடா சும்மா நின்றது. ஜெகதாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. மூன்றாந்தரம் தலை முதல் வால் வரை சிலிர்த்து உதறியது.

"துளுக்கிடுச்சு! உத்தரவு குடுத்துட்டா!"

பெண்கள் குலவையிட்டோம். மாமனார் அரியமுத்துவின் தோளில் கையைப் போட்டு, "வர்ற புதங்கெழம பந்தக்கால் ஊணிடுவம்டா" என்றார். ஜெகதாம்பாள் அழுதார். தன் வாசலில் ரத்தம் சிந்த வேண்டாம் என்று வாத்தியார் கேட்டுக்கொண்டதால், கடாவை வழியில் எங்காவது வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். வாத்தியார் விடவில்லை. நாங்கள் கும்பிட்டதைப் பார்த்து அவருக்கும் மனசு இளகியிருந்தது. எதையாவது கூடுதலாகக் காட்டி அனுப்ப ஆசைப்பட்டார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. யாருக்கும் காட்டாதத உங்களுக்குக் காட்டறேன்" என்று உள்ளே அழைத்துப் போய், சக்கரத்தாயியை இரண்டு கையாலும் பிடித்து, இட்லிச் சட்டி மூடியைத் தூக்குவது போல மேல் பாதியைத் தூக்கினார்.

உள்ளே வழவழவென்று மினுங்கியது. சுருள் சுருளாக, அறை அறையாக, ஒவ்வொரு அறையிலும் கற்கண்டு மாதிரி வெள்ளை.

"போன வருசம் மெஷின்ல குடுத்து அறுத்து பாலிஷ் போட்டேன். எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க!"

"அம்மா, ஜாங்கிரி" என்றாள் என் மகள். அவள் வாயைப் பொத்தினேன்.

"பின்னமாயிட்டா" என்றார் மாமனார். முகம் வெளிறியிருந்தது. பின்னமான சாமியைக் கும்பிடக் கூடாது. குலசாமியே பின்னமானால் அதற்குக் காரணமானவன் யார் என்று நாங்கள் கேட்க வேண்டியதும் இல்லை.

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது. மேல பாத்தா முழுசாத்தான் இருந்தா."

"வருசா வருசம் வந்தியேடா. என்னத்தப் பாத்த? பொண்டாட்டிய அடுத்தவன் வூட்ல வுட்டுட்டு, ஆடிக்கு ஆடி வந்து சீலைய மட்டும் பாத்துட்டுப் போனவன்டா நீ."

அரியமுத்து தலையைச் சாய்த்து, நல்ல காதை நீட்டி, முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"தப்பு எம்மேலங்க. இது கல்லுதானேன்னு..." என்று வாத்தியார் குறுக்கே வந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனார் பத்திரிகையை எடுத்துக் கண்ணகியின் கையில் கொடுத்தார். "நல்லாரும்மா. பந்தக்கால வேற யாரயாவது வெச்சி ஊணிக்கங்க."

வேனில் ஏறினோம். கடாவையும் ஏற்றினார்கள். ஜெகதாம்பாள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். "எங்களத்தான் ஒதுக்கிட்டீங்க. எங் கடாவ வுட்டுட்டுப் போங்க!"

"உத்தரவு ஆன கடாம்மா. திருப்பக் கூடாது" என்று மாமனார் நிதானமாகச் சொன்னார். "ஆட்ட ஏத்துக்கிட்டா. ஆளத்தான் ஏத்துக்கல."

அரியமுத்து உள்ளே பெட்டியருகே வலது காது தெருப்பக்கம் இருக்க நின்றிருந்தார். வேன் கிளம்பியது அவருக்குக் கேட்கவில்லை. கண்ணகி வாசலில் நின்று, "அண்ணி" என்றாள். நான் குனிந்து மகளுக்கு ரிப்பனை அவிழ்த்துக் கட்டினேன்.

வேனுக்குச் சாயங்காலம் வரைக்கும் வாடகை பேசியிருந்தது. வீணாக்குவானேன் என்று ரஞ்சன்குடிக்கு விட்டார்கள். கோட்டை அகழிப் பக்கம் மரத்தடியில் கடாவை வெட்டிச் சமைத்தோம். பிள்ளைகள் கோட்டை மேல் ஏறி விளையாடின. கறி நன்றாக வெந்திருந்தது. நானும் சாப்பிட்டேன், மகளுக்கு ஈரல் ஊட்டினேன்.

அந்த வாரமே குருநாதனிடமிருந்து நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. நாலு வருஷம் கழித்துக் கண்ணகியை எறையூரில் சர்க்கரை ஆலை வேலைக்காரர் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். பந்தலும் இல்லை, காலும் இல்லை.

அன்று எங்கள் வேன் போன பிறகு வாத்தியார் அழாத குறையாகச் சொன்னாராம்: "காட்சிக்கு ஒரு பாதி போதும். இன்னொண்ண நீங்களே எடுத்துட்டுப் போங்க." அரியமுத்து அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் ஜெகதாம்பாள் அதைப் பிடுங்கி, கிணற்றடியில் வழவழப்பு மேலே தெரியும்படி மண்ணில் பதித்தார். துணி துவைக்கிற கல்.

தண்ணீருக்குப் போகிறபோது பார்ப்பேன். என் மாமனார் அந்தப் பக்கம் நடந்தால் ஜெகதாம்பாள் துணியை இன்னும் ஓங்கி அடிப்பார். "நல்லா வெளுக்குதுடி. உங்க மாமனார் வேட்டியயும் கொண்டாந்து போடு" என்பார் என்னிடம்.

அரியமுத்து தன் வேட்டியை மட்டும் தானே எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்த் துவைத்துக்கொண்டு வருவார்.